பச்சிளம் குழந்தையின் மஞ்சள்: வார்டில் கேட்ட கேள்விகள்

பிரசவ வார்டிலிருந்து துணியில் சுற்றிய குழந்தையோடு எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “மஞ்சள் லெவல் எவ்வளவு சிஸ்டர்?” நான் திருப்பிக் கேட்பது, “பிறந்து எத்தனை மணி நேரம் ஆச்சு?” பலருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது கீழே வரும். பச்சிளம் குழந்தைப் பிரிவில் செவிலியராக இருந்த காலத்தில் என் காதில் அதிகம் விழுந்த கேள்விகள் இவை. சிலவற்றைப் பாட்டிமார் கேட்ட வார்த்தையிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

பெரியவங்களுக்கு வருமே மஞ்சக்காமாலை, அதுவேதானா இது?

பெயர் ஒன்று, நிறம் ஒன்று, காரணம் வேறு. பெரியவர்களுக்குக் காமாலை வந்தால் பெரும்பாலும் கல்லீரல் கெட்டிருக்கும், அல்லது பித்தப்பாதை அடைத்திருக்கும். பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் கல்லீரலில் நோய் எதுவும் இல்லை. அது வேலையில் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அவ்வளவுதான். ஒட்டிக்கொள்கிற நோயும் அல்ல. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் தெரியும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வடிந்துவிடும். வடியாத சிலரை நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

பிலிருபின் பிலிருபின் என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

முழங்கால் இடித்துக் கன்றிப்போன இடத்தைக் கவனித்திருப்பீர்கள். முதலில் கருநீலம், பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள். அந்த நிற மாற்றம்தான் பிலிருபின் உருவாகும் கதை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் உடையும்போது அதன் ஹீம் பகுதி முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகவும், பிறகு மஞ்சள் பிலிருபினாகவும் மாறுகிறது. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இது தினமும் நடக்கிறது. நம் கல்லீரல் உடனுக்குடன் அதை அப்புறப்படுத்திவிடுவதால் வெளியே தெரிவதில்லை.

குழந்தைக்கு வரவும் அதிகம், செலவும் மந்தம். கருப்பைக்குள் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் ஈடுகட்ட நிறைய சிவப்பணுக்களோடுதான் குழந்தை பிறக்கிறது. ஹீமோகுளோபின் 16, 17 என்று இருக்கும். பெற்ற தாய்க்கு 10 இருந்தாலே நாம் சந்தோஷப்படுவோம். நம் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். குழந்தையுடையது 70 முதல் 90 நாள்தான். ஒரு கிராம் ஹீமோகுளோபின் உடைந்தால் ஏறத்தாழ 35 மி.கி. பிலிருபின் வரும். கணக்குப் பார்த்தால், எடைக்கு எடை, பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிலிருபினை ஒரு பச்சைக் குழந்தை தினமும் உண்டாக்குகிறது.

அப்போ வயித்துக்குள்ள இருந்தப்ப ஏன் மஞ்சள் இல்லை?

அப்போது அந்தக் கழிவை அம்மாதான் தள்ளிக்கொண்டிருந்தாள். குழந்தையின் பிலிருபின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்துக்குப் போய், தாயின் கல்லீரலில் தீர்ந்துவிடும். தொப்புள்கொடியை வெட்டிய கணத்தில் அந்த வசதி நின்றுபோகிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பறவைகள் பச்சை பிலிவெர்டினை மஞ்சளாக மாற்றும் சிரமமே படாமல் அப்படியே வெளியேற்றிவிடுகின்றன. பச்சைப் பொருள் தண்ணீரில் கரையும், மஞ்சள் பொருள் கரையாது. பின் மனித உடம்பு ஏன் கூடுதல் வேலை செய்து, கரையாத, தொல்லை தரும் பொருளாக மாற்றுகிறது? கொழுப்பில் கரையும் பிலிருபின்தான் நஞ்சுக்கொடியை எளிதாகக் கடக்கும் என்பது ஒரு விளக்கம். செல்களை ஆக்ஸிஜனின் அரிப்பிலிருந்து காக்கும் குணமும் கொஞ்சமான பிலிருபினுக்கு உண்டு. ஆகவே அது முழுக்க விஷமும் அல்ல. அளவு மீறினால்தான் வம்பு.

கல்லீரல் அதை எப்படித்தான் வெளியேற்றுகிறது?

ரத்தத்தில் பிலிருபின் தனியாகத் திரிவதில்லை. அல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி அதோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்க்கிறது. அப்போதுதான் அது தண்ணீரில் கரையும். கரைந்தது பித்தத்தோடு குடலில் இறங்கி மலத்தில் போய்விடும். மலத்தின் பழுப்பு நிறமே இந்தப் பிலிருபினின் எச்சம்தான்.

நிறைமாதக் குழந்தை பிறக்கும்போது அந்த நொதி பெரியவர்களில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வேகத்தில்தான் வேலை செய்யும். முழு வேகம் பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். போதாக்குறைக்குக் குடல் வேறு சதி செய்கிறது. பெரியவர்களின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் பிலிருபினை வேறு பொருளாக மாற்றிவிடும். குழந்தையின் குடலில் அந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை. ஆனால் கல்லீரல் சேர்த்ததைப் பிரித்துவிடும் நொதி மட்டும் தாராளமாக இருக்கிறது. பிரிந்த பிலிருபின் மறுபடி ரத்தத்துக்கே ஏறும். கருப்பச்சையாக, தார் போல வரும் முதல் மலத்தில் நிறைய பிலிருபின் கிடக்கிறது. அது சீக்கிரம் வெளியேற வேண்டும் என்றால் பால் அடிக்கடி உள்ளே போக வேண்டும்.

ரிப்போர்ட்டில் 12 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பிறந்து 20 மணி நேரத்தில் 12 என்றால் அன்று யாருக்கும் தூக்கம் கிடையாது. அதே 12, நான்காம் நாள் மாலையில், நன்றாகப் பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்கு என்றால் வீட்டுக்குப் போகலாம். எண் தனியாக எதையும் சொல்லாது. எத்தனை மணி நேரத்தில் எடுத்த எண், குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, ரத்த வகை என்ன என்பவை சேர்ந்தால்தான் அதற்குப் பொருள்.

வினோத் பூட்டானி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்ட வரைபடம்தான் இந்த மணிக்கணக்கைப் பரவலாக்கியது. கீழே மணி நேரம், பக்கவாட்டில் பிலிருபின். உங்கள் குழந்தையின் புள்ளி எந்தக் கோட்டுக்கு மேலே விழுகிறது என்று பார்ப்பார்கள். லைட் (நீல விளக்குச் சிகிச்சை) வைப்பதற்குத் தனி வரைபடம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2004 அட்டவணையில், வேறு ஆபத்து எதுவும் இல்லாத நிறைமாதக் குழந்தைக்கு 24 மணியில் ஏறத்தாழ 12, 48 மணியில் 15, 72 மணியில் 18 என்ற அளவில் லைட் தொடங்கச் சொல்லியிருந்தார்கள். 2022இல் இந்த வரம்புகளைச் சற்றே உயர்த்தினார்கள். குறைமாதம் என்றால் எல்லாமே கீழே இறங்கும். ஆகவே பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு 14இல் லைட் இல்லை, நம்ம பிள்ளைக்கு 11லேயே ஏன் என்று சண்டைக்கு வராதீர்கள்.

லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் மகள் போனில் “255 இருக்காம்மா” என்று அழுதால், அது வேறு அலகு, மைக்ரோமோல்/லிட்டர்; நம் ரிப்போர்ட்டில் இருப்பது மி.கி./டெசிலிட்டர். 17ஆல் வகுத்துப் பாருங்கள், 15 வரும்.

பார்த்தாலே தெரியாதா? எதுக்குக் குதிகாலைக் குத்தணும்?

மஞ்சள் முகத்தில் ஆரம்பித்து நெஞ்சு, வயிறு, தொடை என்று கீழே இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் கடைசி. 1969இல் கிரேமர் என்பவர் இதை அளந்து எழுதினார். மூக்கு நுனியிலோ நெஞ்சிலோ விரலால் அழுத்தி எடுங்கள். ரத்தம் விலகிய அந்த ஒரு நொடியில் தோல் வெளிறித் தெரிய வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தால் காமாலை. மாநிறக் குழந்தைக்குக் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள்.

ஆனால் இது “இருக்கிறதா” என்பதற்குத்தான் பதில், “எவ்வளவு” என்பதற்கல்ல. பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய கண்ணே ஏமாறும். நான் 10 இருக்கும் என்று மனதுக்குள் போட்ட கணக்கு ஆய்வகத்தில் 15 ஆக வந்ததுண்டு. உள்ளங்கால் மஞ்சள் என்றால் மட்டும் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஓடி வாருங்கள். நெற்றியில் வைத்துப் பார்க்கும் மீட்டர் நல்ல கருவி, வலி இல்லை. ஆனால் லைட்டில் வைத்த பிறகு தோல் வெளுத்துவிடுவதால் அதை நம்ப முடியாது. அப்போது ரத்தம்தான்.

பிறந்த அன்றைக்கே மஞ்சள் தெரிந்தால்?

சாதாரண மஞ்சள் 24 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். முதல் நாளே தெரிந்தால் ரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன என்று எடுத்துக்கொண்டு காரணம் தேடுவோம். ரத்த வகையில் தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது வழக்கமாக முதல் குழந்தையைத் தொடாது, அடுத்தவர்களைத்தான் தாக்கும். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்ட்டி-டி ஊசி போடுவது அதற்காகத்தான். கருச்சிதைவு ஆனாலும் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி என்பது அதைவிட அடிக்கடி வரும், முதல் குழந்தைக்கும் வரும். நல்லவேளையாகப் பெரும்பாலும் லைட்டிலேயே அடங்கிவிடும்.

மூன்றாவது, ஜி6பிடி குறைபாடு. சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. இவர்களுக்கு அந்துருண்டை வாசனையே போதும், அணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும். மூத்தவனின் சட்டைகளை, பாட்டியின் பழைய பருத்திப் புடவையை, பீரோவிலிருந்து எடுத்த கையோடு குழந்தைக்குப் போடுகிறோம். எடுத்ததும் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அந்துருண்டை நெடி இருந்தால் அந்தத் துணியே வேண்டாம். குழந்தை இருக்கும் அறையில் அந்துருண்டையும் வேண்டாம்.

மூளையைப் பாதிக்கும் என்று ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா?

உண்மை. அல்புமினின் முதுகில் இடம் இல்லாமல் போகும் அளவுக்குப் பிலிருபின் ஏறினால், மிச்சம் மூளைக்குள் நுழைந்து அதன் ஆழ்பகுதிகளில் படியும். அங்கே படிந்தது திரும்ப வராது. பிழைத்த குழந்தைக்குக் காது கேளாமை, கைகால்கள் கட்டுப்பாடின்றி முறுக்கிக்கொள்ளும் மூளைவாதம், கண்ணை மேலே உயர்த்த முடியாமை என வாழ்நாள் முழுக்க நிற்கும். அபூர்வம்தான். ஆனால் தடுத்திருக்கக் கூடியது என்பதால் நெஞ்சை அறுக்கும்.

இதன் ஆரம்பம் எப்படி இருக்கும் தெரியுமா? குழந்தை சமர்த்தாகிவிடும். அழாது, எழுப்பினாலும் பாலுக்கு வாய் திறக்காது, கை கால் துவளும். “என் பேரன் தங்கம், ராத்திரி பூரா தூங்கினான்” என்று மூன்றாம் நாள் ஒரு பாட்டி பெருமைப்பட்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். மஞ்சளும் சமர்த்தும் சேர்ந்து வந்தால் உடனே கொண்டுவாருங்கள். கீச்சென்ற அழுகை, முதுகு வில்லாக வளைவது, காய்ச்சல், வலிப்பு என்றால் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று பொருள்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். சர்க்கரைத் தண்ணி கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். முதல் வாரத்தில் பாலோடு தொடர்புள்ள மஞ்சள் என்றால், அது பால் போதாமையால் வருவது. மலம் குடலிலேயே தங்கும், பிலிருபின் திரும்ப ஏறும். இதற்கு மருந்து இன்னும் அதிகமாகப் பால்தான். நாளைக்கு 8 முதல் 12 தடவை, தூங்கினால் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி. சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுக்கும், மலத்தை நகர்த்தாது. சேனை வைப்பதும் அதே கணக்குத்தான். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. லேசாகப் பேதியாக்கும் அந்தப் பால்தான் முதல் மலத்தைத் தள்ளுகிறது.

தாய்ப்பாலில் உள்ள பொருள்களால் வரும் மஞ்சள் வேறு. குழந்தை எடை கூடும், விளையாடும், ஆனால் மஞ்சள் மட்டும் இரண்டு மூன்று மாதம் வரை மெல்ல இழுக்கும். மற்ற காரணங்கள் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டால் பாலைத் தொடரலாம்.

காலை வெயிலில் காட்டினால் போதாதா?

இந்தக் கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் லைட் சிகிச்சையே வெயிலில் பிறந்ததுதான். 1956, இங்கிலாந்தின் எசெக்ஸில் ராச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைப் பிரிவின் பொறுப்பாளர் சிஸ்டர் வார்டு. காற்றும் வெயிலும் நல்லது என்று நம்பிய அவர், வெயில் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தபோது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருந்தது, ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அடர் மஞ்சள். ஏதோ மருந்து தடவியிருக்கிறாரோ என்றுதான் டாக்டருக்கு முதலில் தோன்றியது. துணியின் முனை மூடியிருந்த இடம் அது. மூடாத இடத்தில் வெயில் மஞ்சளைத் தின்றிருந்தது. சில வாரங்கள் கழித்து, ஜன்னலோரம் வெயிலில் கிடந்துவிட்ட ஒரு ரத்தக் குழாயில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. கிரெமர் (மேலே சொன்ன கிரேமர் வேறு ஆள்), பெரிமேன், ரிச்சர்ட்ஸ் மூவரும் சேர்ந்து நீல விளக்குகளை வைத்துச் சோதித்து 1958இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு நர்ஸின் கண். எனக்கு அதில் சொந்தக்காரப் பெருமை உண்டு.

ஆனாலும் உங்கள் மொட்டைமாடி வெயிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பலன் தர வேண்டுமானால் துணியில்லாமல் மணிக்கணக்கில் கிடத்த வேண்டும். நம் ஊர் வெயிலில் தோல் வெந்துவிடும், உடம்பு சூடேறி நீர் வற்றும், புற ஊதாக் கதிர் வேறு. நைஜீரியாவின் லாகோஸில் கெட்ட கதிர்களை வடிகட்டும் படலத்தைப் பந்தல் போலக் கட்டி, அதன் கீழே வைத்துப் பார்த்தார்கள். நன்றாக வேலை செய்தது என்று 2015இல் ஆய்வு வந்தது. வடிகட்டிய வெயில், பக்கத்திலேயே கண்காணிக்கும் ஆட்கள். வாசல் திண்ணையில் பத்து நிமிடம் காட்டுவது அதற்கு ஈடாகாது. காட்டினால் கெடுதல் இல்லை, “வெயில் காட்டுறோமே” என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

லைட்டில் வைத்தால் சுடாதா? கண் போய்விடாதா?

அது சூட்டு விளக்கு அல்ல, புற ஊதா விளக்கும் அல்ல. 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி தோலுக்கடியில் ஓடும் பிலிருபினின் உருவத்தை மாற்றுகிறது. உருமாறியது, கல்லீரல் எதையும் சேர்க்காமலேயே, பித்தத்திலும் சிறுநீரிலும் கரைந்து போய்விடும். கல்லீரல் செய்ய வேண்டிய வேலையை விளக்கு தோலிலேயே செய்துவிடுகிறது. கண்ணுக்குக் கட்டுப் போடுவது விழித்திரையைக் காக்க. பால் கொடுக்க வெளியே எடுக்கும்போது கட்டை அவிழ்த்துப் பாருங்கள்: உடம்பு வெளுத்திருக்க, கட்டு இருந்த பட்டை மட்டும் மஞ்சளாக நிற்கும். ராச்ஃபோர்டு முக்கோணம்தான் அது.

“கை ஜில்லுனு இருக்கு சிஸ்டர்” என்று விளக்குக்கும் குழந்தைக்கும் நடுவே துண்டை விரித்துவிட்டுப் போகிறவர்கள் வாரம் ஒருவராவது உண்டு. துண்டு போட்டால் லைட் அணைத்ததற்குச் சமம். டயபரும் கண்கட்டும் தவிர எதுவும் கூடாது. மலம் பச்சையாக, இளகிப் போகும். பேதி என்று பயந்து பாலைக் குறைக்காதீர்கள்.

ரத்தம் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

லைட்டுக்கும் இறங்காமல் ஆபத்தான கோட்டை நெருங்கினால் மட்டும். தொப்புள் ரத்தக்குழாய் வழியாகச் சிறிது சிறிதாக எடுத்து, அதே அளவு கொடுத்து, கிலோவுக்கு ஏறத்தாழ 160 மில்லி, அதாவது குழந்தையின் மொத்த ரத்தத்தைப் போல இரு மடங்கு மாற்றுவார்கள். இந்தக் கட்டத்தில் யோசிக்க இரண்டு நாள் கேட்காதீர்கள், அங்கேயும் மணிக்கணக்குதான்.

மூணு வாரம் ஆச்சு, இன்னும் மஞ்சள் போகலை.

குழந்தையின் மலம் என்ன நிறம்? முதல் கேள்வி அதுதான். மஞ்சள், பச்சை, கடுகு நிறம் எதுவானாலும் சரி. சுண்ணாம்பு போல, வெளிறிய களிமண் போல இருந்தால், கூடவே சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியவைத்தால், பித்தம் குடலுக்கு இறங்கவில்லை. பித்தநாளமே இல்லாமல் சுருங்கிப்போகும் நோயாக இருக்கலாம். ஜப்பானின் மோரியோ கசாய் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை இதற்கு உண்டு. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தைவானில் தாய்சேய் நலக் கையேட்டிலேயே மல நிற அட்டையை வைத்திருக்கிறார்கள், பெற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க. நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்றால் “டைரக்ட் பிலிருபின்” (கல்லீரல் அமிலம் சேர்த்து முடித்த பங்கு) எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். தாய்ப்பால் மஞ்சள்தான் என்று யாராவது பாராமலே சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அம்மா மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிடலாமா? கீழாநெல்லி?

அம்மா எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் அவளுக்குப் பசியைத்தான் கொடுக்கும். குழந்தையின் வாயில் கீழாநெல்லிச் சாறு, எண்ணெய், எந்தக் கஷாயமும் வேண்டாம்.

ரெண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்கணும்?

சுகப்பிரசவம் என்றால் 48 மணியில் அனுப்பிவிடுகிறார்கள். மஞ்சள் உச்சத்துக்குப் போவது மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அதாவது, உச்சம் வரும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்ற அறை எப்படி இருக்கும்? காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் சாத்தி, ஒரு மஞ்சள் பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் எந்த மஞ்சளும் தெரியாது. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, குழந்தையின் சட்டையைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் மூக்கையும் நெஞ்சையும் அழுத்திப் பாருங்கள். நான்கைந்தாம் நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும்.

குறைமாதம், ஆயுதம் போட்ட பிரசவத்தில் தலையில் ரத்தக்கட்டு, மூத்த பிள்ளைக்கு லைட் வைத்தது, முதல் பிரசவம் இன்னும் பால் சரியாக இறங்கவில்லை என்று எது இருந்தாலும் வாசலைத் தாண்டும் முன் சொல்லிவிடுங்கள். மறுபடி என்றைக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த தேதி பெரிதாக இருக்கும், நேரம் எங்கேயோ மூலையில் கிடக்கும். அதைப் பேனாவால் மேலே எழுதி வையுங்கள், “செவ்வாய் இரவு 11.40” என்று. அடுத்து யார் ரத்தம் எடுத்தாலும் முதலில் தேடுவது அதைத்தான்.